பேசாத கறுப்புத் திரை

"அது கோப்புறை அல்ல" என்றது திரை.

அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. நிக்கானோர் அதை இரண்டு தடவை படித்தான்.

வானொலி நிலையத்தில் அவன் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததே வேறு நினைப்பில். பக்கத்து அறையில் தெல்ஃபினா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, வட்டத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தோன்யா சதுர்னினா கேட்டுக்கொண்டிருந்தார். ஒருரோ நகரப் போலீஸ் நிலையத்தில் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தே பாதி ஆயுளைக் கழித்து, பொய்யின் நெளிவு சுளிவு எல்லாம் விரலுக்கே பழகிப்போய், கடைசியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர் அவர். மரியாதைக்கு எல்லாரும் கூப்பிடுவது தோன்யா. நிக்கானோர் அவருடைய உதவியாள். அதற்கு முன்னால் மினிபஸ் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பேர் கூவியவன். வேலை மாறினாலும் வாய் மாறவில்லை.

தெல்ஃபினாவின் அப்பா சிரியாகோ கிழவர், சுரங்கத் தூசி நுரையீரலில் கல்லாகி, போன மாதம் செத்துப்போனார். சாவதற்கு முன் படுக்கையில் கிடந்தபடியே அவர் பேசியதை நான்கு பதிவுகளாகப் பிடித்து, சுரங்கக்காரர் வானொலியின் கணினியில் போட்டு வைத்திருந்தார்கள். பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் நிக்கானோர்தான். மூடி வைத்திருந்த சான் பிளாஸ் சுரங்கப் பாதையைத் திறக்கச் சொன்னது கூட்டுறவுச் சங்கச் செயலாளர் எலெயுதேரியோ என்று கிழவர் அதில் சொல்லியிருந்தார். அந்தப் பாதை இடிந்து இரண்டு பேர் செத்தார்கள். பழி மேஸ்திரி ருஃபினோ தலையில் விழுந்தது. ருஃபினோ சிரியாகோவின் மகன், தெல்ஃபினாவின் தம்பி. இப்போது சிறையில் இருக்கிறான். நாளை நீதிபதி முன்னால் விசாரணை. கிழவரின் குரல் இல்லாவிட்டால் அவன் வெளியே வர வழியில்லை.

அந்த நான்கு பதிவும்தான் இன்று காலை காணவில்லை.

வேறு நகலும் கிடையாது. பதிவுக் கருவி வானொலிக்குச் சொந்தம். கால்பந்துக்காரர்களின் பேட்டியைப் பிடிக்க அதைத் துடைத்துவிட்டார்கள். நேற்று நிறுவல் திருவிழா. தன்னார்வலர்கள் வந்து ஊரின் பழைய கணினிகளை எல்லாம் துடைத்து, காசில்லாத புது இயங்குதளம் போட்டுக் கொடுத்தார்கள். வானொலிக் கணினியில் இருந்த கோப்புகளைத் தன் வட்டில் எடுத்து வைத்துத் திரும்பப் போட்டவன் உலிசெஸ் என்ற தொலைபேசிப் பழுதுக்காரன். அவனும் அடுத்த கணினிக்காக அந்த வட்டைத் துடைத்துவிட்டான்.

தெல்ஃபினா அலுவலகத்துக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது நிக்கானோர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஏனென்றால் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். அவனே நகர்த்தி வைத்தவை. வானொலிக்குப் போய், கணினி முன்னால் உட்கார்ந்து, எல்லாரும் வாய் பிளக்கத் திறந்து காட்டலாம் என்று மினிபஸ்ஸில் வரும்போதே வசனம்கூடத் தயார் செய்துவிட்டான். சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்று தோன்யாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

நேற்று நடந்தது இப்படி. கிழட்டுக் கணினி அது, படமும் பொத்தானும் தாங்காது. அதனால் எழுத்து மட்டும் தெரிகிற கறுப்புத் திரையையே வைத்து உலிசெஸ் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுத்தான். எல்-எஸ் என்று தட்டினால் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். எம்-வி என்று தட்டி, எதை, எங்கே என்று சொன்னால் நகர்த்திவிடும். "இது அதிகம் பேசாது. பதில் வரலைன்னா வேலை ஒழுங்கா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றான் உலிசெஸ். "என் பழைய மாமியாருக்கும் இதைப் போட்டு விடலாமா?" என்று கேட்டு நிக்கானோர் எல்லாரையும் சிரிக்க வைத்தான். அடுத்து உலிசெஸ் புதுக் கோப்புறை உண்டாக்குவது எப்படி என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சால்தேன்யாக்காரி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரக் கூடையை இறக்கினாள். நிக்கானோர் வரிசையில் நிற்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது கடைசி வரிசையில் செயலாளர் எலெயுதேரியோ. கைப்பேசியில் எண் தேடவே அடுத்தவரைக் கூப்பிடுகிற ஆள், கணினிப் பாடம் கேட்க வந்திருந்தார். அவர் கண் திரையில் இருந்த சிரியாகோ என்ற பெயர் மேலேயே இருந்தது.

எல்லாரும் சாப்பிடக் கலைந்ததும், அவர் கையில் சிக்காமல் பதிவுகளை ஒளித்து வைக்க நிக்கானோர் நாற்காலியில் தாவி உட்கார்ந்தான். எம்-வி, முதல் பதிவு, பிறகு அது போகவேண்டிய இடத்தின் பேராகக் குவார்தாதோ. பத்திரமாக வைத்தது என்று அர்த்தம். தட்டினான். திரை பேசவில்லை. அடுத்தது. பேசவில்லை. ஒவ்வொன்றாக நான்கும். வேலை ஒழுங்காக முடிந்தது என்று கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

இப்போது அந்தக் கோப்புறைக்குள் போகச் சொன்னால், அது கோப்புறையே அல்ல என்கிறது திரை.

குவார்தாதோ என்ற கோப்புறையை அவன் உண்டாக்கவே இல்லை. உண்டாக்கும் பாடம் நடந்தபோது அவன் சால்தேன்யா வரிசையில் நின்றான். இல்லாத அறைக்குள் நான்கு பெட்டிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறான். எங்கே விழுந்தனவோ.

"என்னடா, அதுகிட்ட என்ன ரகசியம்?" வாசலில் தோன்யா சதுர்னினா.

நிக்கானோர் திரையைத் துடைக்கிற கட்டளையைத் தட்டினான். அதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான்.

"சும்மா குசலம் விசாரிச்சேன் தோன்யா. பிடி கொடுக்க மாட்டேங்குது. நம்ம வக்கீல் மாதிரி."

தோன்யா சிரிக்கவில்லை. நேற்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செயலாளர் இந்த அறையிலிருந்து தனியாக வெளியே வந்ததைத் தெல்ஃபினா பார்த்திருக்கிறாள். கையில் இருப்பது அந்த ஒரு நூல்தான், அதைப் பிடித்துக்கொண்டு போவோம் என்றார் தோன்யா.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நிக்கானோருக்குத் தெரியும். வாயைத் திறந்தான். தெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிக்கானோர் அண்ணன் இருக்கறப்ப எனக்கு என்ன பயம்? அப்பா பக்கத்துலயே உக்காந்து புடிச்சவரு" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

போகிற வழியில் தோன்யா ஆளுக்கு ஒரு சால்தேன்யா வாங்கினார். கடித்தால் சாறு முழங்கை வரைக்கும் ஓடும். சிந்தாமல் தின்பதில் நிக்கானோருக்கு ஊரில் தனிப் பேர். இன்று சட்டையெல்லாம் சாறு. பாதியைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தான். தோன்யா அதைப் பார்த்தார், பார்க்காதவர் மாதிரி நடந்தார்.

அந்த எலெயுதேரியோ யோக்கியன் இல்லை என்று நிக்கானோர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு பேரைக் கொன்றவன். ஒரு பிள்ளையை உள்ளே தள்ளியவன். ஏற்கெனவே அத்தனை மூட்டை சுமக்கிற முதுகில் இன்னொன்றை ஏற்றினால் என்ன கெட்டுப்போகும்? சரிதான் என்று பட்டது. ஆனாலும் அந்த மூட்டை தன் முதுகை விட்டு இறங்கவில்லை.

செயலாளர் கால்பந்து மைதானத்தில், மதில் ஓரத்து வெயிலில் இருந்தார். சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்று கோகா இலை மென்றுகொண்டிருந்தார்கள்.

தோன்யா வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தார். ஆட்டம் எப்படி, முட்டிவலி எப்படி, நேற்றுப் பாடம் எப்படி.

"படிக்க வயசு ஏது தோன்யா" என்றார் செயலாளர். "காலத்தோட போகணுமில்ல."

"அதான் சாப்பாட்டு வேளையிலகூட உக்காந்து படிச்சீங்களாக்கும்."

"யாரு சொன்னா?"

"இவரு சாப்பாட்டை விட்டுட்டுப் படிச்சாருன்னா, அந்தக் கணினிக்கு நாம கோயில்தான் கட்டணும்" என்றான் நிக்கானோர். பழக்கதோஷம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கே தன் குரல் யாரோ கூவுகிற மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் தோன்யா. "அந்தக் கணினியைத் தொட்டீங்களா?"

"தொட்டா என்ன? எல்-எஸ் அடிச்சுப் பாத்தேன். அந்தப் பையன் சொல்லிக் குடுத்ததுதானே. நான் ஒண்ணையும் எடுக்கல. சிரியாகோ பேருல அதுல ஒண்ணுமே இல்லை."

கோகா மென்ற வாய்கள் நின்றன.

"நான் சிரியாகோன்னு சொல்லவே இல்லையே" என்றார் தோன்யா.

செயலாளரின் கன்னத்தில் இலை உருண்டை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போயிற்று. பிறகு அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. குரலை இறக்கி, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "தேடினேன். ஒத்துக்கறேன். அழிக்கத்தான் போனேன்னே வெச்சுக்குங்க. ஆனா நான் பாக்கறப்பவே அது இல்ல. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் காறித் துப்பினான். வீட்டுக்குள் புகுந்து பார்ப்போம், பானை சட்டி விடாமல் உருட்டுவோம் என்றான் இன்னொருவன். இரண்டு பேர் செயலாளரின் தோளைப் பிடித்துவிட்டார்கள். அந்த மனுஷன் வாழ்நாளில் சொன்ன ஒரே நிஜம் அதுவாக இருக்கலாம். அது நிஜம் என்று தெரிந்தவன் அந்த மைதானத்தில் ஒருவன்தான். அவன் சட்டைப் பையில் பாதி சால்தேன்யா ஆறிப்போயிருந்தது.

வீட்டை உருட்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும். பொழுது விடிந்தால் விசாரணை.

"அவரு சொல்றது நிஜம்" என்றான் நிக்கானோர்.

யாருக்கும் காதில் விழவில்லை. படியில் தொங்கிக் கூவின குரலை எடுத்து, "அவரை விடுங்கப்பா. அவரு பாக்கறப்ப அது அங்க இல்ல. நான்தான் எடுத்தேன்" என்றான்.

பிறகு தோன்யாவைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. குவார்தாதோ, உண்டாக்காத கோப்புறை, பேசாத திரை, காலையில் வந்த ஒற்றை வரி, அதைத் துடைத்துவிட்டுத் தான் சொன்ன வக்கீல் ஜோக், எல்லாம். பழி செயலாளர்மேலேயே இருக்கட்டும் என்று நினைத்ததையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

தோன்யா தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"நீ பாதி சால்தேன்யாவை மடிச்சு வெச்சப்பவே தெரியும்டா, ஏதோ பண்ணியிருக்கேன்னு. என்னன்னுதான் தெரியல. மைதானம் வரைக்கும் பாத்தேன், நீயா சொல்லுவேன்னு." அவன் சட்டையில் காய்ந்த சாறைப் பார்த்தார். "லேட்டு. ஆனா சொன்னே. நட."

செயலாளரையும் கூடவே வரச் சொன்னார். அவரை நடத்திக் கூட்டிவரச் சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள்.

வானொலியில் உலிசெஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். எல்-எஸ் தட்டினான். இருந்தது குவார்தாதோ. கோப்புறையாக அல்ல, கோப்பாக. நல்ல கனமான கோப்பு.

இல்லாத கோப்புறைக்கு ஒன்றை நகர்த்தச் சொன்னால் இந்தத் திரை முடியாது என்று சொல்லாது, அந்தக் கோப்புக்கே பெயரை மாற்றி வைத்துவிடும் என்று உலிசெஸ் விளக்கினான். சிரியாகோ ஒன்று என்பது குவார்தாதோ ஆகியிருக்கும். அடுத்ததையும் அதே பெயருக்கு மாற்றச் சொன்னால், முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டு அது அந்த இடத்தில் உட்காரும்.

"அப்ப?" என்றார் தோன்யா.

"கடைசியா நகர்த்தினது இருக்கும். மத்த மூணும் போச்சு. தோண்டி எடுக்கலாம்னா, இன்னிக்குக் காலையில பூசை முழுக்க இதுலதான் பதிவு பண்ணாங்க. அந்த மண்ணுமேல வீடே கட்டியாச்சு."

செயலாளரின் முகத்தில் ரத்தம் திரும்ப வருவதை நிக்கானோர் பார்த்தான்.

"கடைசியா எதை நகர்த்தினே?" என்று கேட்டார் தோன்யா.

அதுதான் அவனுக்கு நினைவில்லை. மேலிருந்து தொடங்கினேனா, கீழிருந்தா? வாசலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவசரமாகத் தட்டியது. நான்கு பதிவிலும் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். பழைய சுரங்கக்காரர்கள் வாயில் கோகா இலை இனிக்கும்வரை கனமான விஷயத்தைத் தொடமாட்டார்கள். சாறெல்லாம் போய் இலை சப்பென்று ஆன பிறகுதான் காரியப் பேச்சு. அதனால் முதல் மூன்று பதிவில் கிழவர் பெண்டாட்டியைப் பற்றிப் பேசினார், பாடினார், மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சான் பிளாஸ் வருவது நாலாவதில் மட்டும்.

"போடு" என்றார் தோன்யா. போடும் முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டார்.

உலிசெஸ் தட்டினான். முதலில் இரைச்சல். பிறகு, கட்டில் கிறீச்சிட்டது. ஒரு நீண்ட இருமல்.

அதன் பிறகு, தூ என்று துப்புகிற சத்தம்.

"நாலாவது" என்றான் நிக்கானோர்.

"சரி, இலை செத்துப்போச்சு. இனிமே நிஜத்தைப் பேசுவோம்" என்றார் கிழவர் கணினிக்குள்ளிருந்து. "சான் பிளாஸைத் திறன்னு சொன்னது என் மகன் இல்ல. எலெயுதேரியோ. நான் நின்னேன் பக்கத்துல. பையன் வேணாம்னான். அவரு சொன்னாரு, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன், நீ உடைன்னு."

பதிவு ஓடி முடியும்வரை செயலாளர் கதவைப் பார்த்தார். அங்கே தோன்யாவின் அகலமான பாவாடைதான் இருந்தது. இனி அவர் போலீஸோடு பேசிக்கொள்வதுதான் என்றார் தோன்யா. போகும்போது அவரிடம் தணிந்த குரலில், "ஒரு விதத்துல பாத்தா இவன் முட்டாள்தனம்தான் அந்தக் குரலைக் காப்பாத்துச்சு செயலாளரே. ஒழுங்கா பாடம் கேட்டவனா இருந்தா சிரியாகோ பேரு கோப்புறைக்குள்ள அப்படியே இருந்திருக்கும், நீங்க தேடிக் கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று நிக்கானோருக்கு ஒரு நொடி தோன்றியது. நாங்கள் காப்பாற்றிவிட்டோம் தெல்ஃபினா என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை.

"மிச்ச மூணைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லணும்" என்றார் தோன்யா, செயலாளரின் முழங்கையைப் பிடித்தபடி. "நான் சொல்ல மாட்டேன்."

பதிவு கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான் பக்கத்து அறையிலிருந்த தெல்ஃபினாவுக்கு எட்டியிருந்தது. தம்பி வந்துவிடுவான் என்று சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சிரித்தாள். "ஒண்ணையும் நான் இன்னும் கேக்கல அண்ணே. தாங்காதுன்னு, விசாரணை முடியட்டும்னு வெச்சிருந்தேன். ருஃபினோ வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து நாலையும் கேப்போம்."

நிக்கானோர் எதிரே உட்கார்ந்தான். ஒரு ஜோக் வந்தது. அதை விழுங்கினான்.

"நாலுல மூணு போச்சும்மா" என்றான். "என்னாலதான். எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி செஞ்சேன். காலையிலயே தெரியும், மதியம் வரைக்கும் மறைச்சேன்."

அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெல்ல மெல்ல வடிந்தது. வெளியே மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்.

"நீதானே பக்கத்துல இருந்தே" என்றாள் கடைசியில். அண்ணே என்ற சொல் போய்விட்டது. "உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சொல்லு. மொதல்லேர்ந்து. அவரு சொன்ன மாதிரியே. ஒண்ணு விடாம."

"என் வாயால சொன்னா அது..."

"தெரியும். சொல்லு."

அவன் கண்ணை மூடினான். அந்த அறை வந்தது, ஜன்னலில் கட்டியிருந்த போர்வை வந்தது, தன் கையிலிருந்த கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு வந்தது. மினிபஸ் குரலை எங்கோ இறக்கி வைத்துவிட்டு, மூச்சு பற்றாத ஒரு கிழவனின் குரலை எடுத்தான்.

"இது ஓடுதா, தம்பி?"

தெல்ஃபினா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அறையில் பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

"ஓடுதுப்பா" என்றாள். "பேசுங்க."